ரம்பா மலையில் சீதாராம ராஜு

யானம் நம்முடைய புதுச்சேரியோடு சேர்ந்த ஊர். 1954-ம் வருஷம் வரையில் பிரெஞ்சுக் கொடி பறந்த அவ்வூரின் ஓரமாகக் கௌதமி கோதாவரி கடலை நோக்கிச் செல்கிறது. அந்நதி பாபிகொண்டல மலைகளைப் பிளந்துகொண்டு, ராஜமஹேந்திரவரத்தைக் கடந்து வருவது. அம்மலைகளுக்கு அப்பால் ரம்பா, கூடம் என்னும் காட்டு நாடுகள் பரந்து கிடக்கின்றன. யானத்தை அறிந்த நாம் அந்நாடுகளை அறிந்தோமில்லை. அங்கே ஒரு வாலிபர் ஏறக்குறைய 2 வருஷ காலம் பிரிட்டிஷ் ராஜாங்கத்தைத் திகைக்க வைத்து, 1924-ம் வருஷம் மே மாதம் 7-ந் தேதி மரத்தில் கட்டிச் சுடப்பட்டு மாண்டார். அவரே அல்லூரி சீதாராம ராஜு. ஆந்திரர்களில் அவர் பெயரை அறியாத குழந்தை இல்லை. தமிழர்களில் அவரைச் சினிமாவில் கண்டவர்களே அதிகம். எதற்காக உயிர் விட்டார் என்று கேட்டால், தேச விடுதலைக்காக என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிடுவார்கள். அது உண்மையே, ஆயினும் முழு உண்மையாகாது. காட்டைக் காக்கும் அதிகாரம் அதில் வாழ்பவனுக்கா, வெளியிலிருந்து வரும் உத்தியோகஸ்தனுக்கா என்ற வழக்கு அந்த யுத்தத்தின் அடியில் கிடந்தது. அவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆகையால் அவர் சரித்திரத்தை நேயர்களுக்கு நினைவுறுத்துகிறோம்.

முதலில் வனச் சட்டத்தைப்பற்றிச் சில வார்த்தைகள் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் ரெயில் பாதைகள் போடத் தொடங்கிய காலத்தில், தண்டவாளத்தின் கீழ் இடும் கட்டைகளுக்காகத் தேக்கும் சாலும் மலை மலையாக வெட்டுண்டன. காடு குறைவதைக் கண்ட பிறகே வெள்ளைத் துரைத்தனத்தாருக்குக் காட்டைக் காக்கும் ஞானம் பிறந்தது. 1865-லும் 1878-லும் சட்டங்கள் செய்தனர். இதில் நம்மவர் பலர் அறியாத ஒரு விசேஷம் உண்டு. 1878-ம் வருஷத்துச் சட்டத்தைச் சென்னை சர்க்கார் ஏற்க மறுத்தது. கிராமத்தாரின் பாத்தியதை இல்லாத காடு இம்மாகாணத்தில் அநேகமாய் இல்லையென்றும், அனுபோக பாத்தியதையைப் பிடுங்குவது நியாயமாகாதென்றும் சென்னை ரெவினியூ போர்டு துரைமார்களே வாதாடினார்கள். இந்தியாவின் முதல் வன இன்ஸ்பெக்டர் ஜெனரலாகிய பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர் சென்னைக்கு வந்து சுற்றிப் பார்த்து யோசனை கூறினார். கிராமத்தார் கையிலேயே கிராமக் காடுகள் இருக்க வேண்டுமென்ற எண்ணம் அவருக்கு உண்டு. ஆனால் 1882-ம் வருஷம் சென்னை வனச் சட்டம் நிறைவேறி அமலுக்கு வந்தபோது, கிராமக் காடு என்ற எண்ணம் காகிதத்தோடு நின்றது; ரிசர்வ் காடு என்ற பெயர்தான் மலையேறிற்று. தலைமுறை தலைமுறையாகப் புளி பொறுக்கிய இடத்தில் புளி பொறுக்குவது குற்றமாயிற்று. மூங்கில் வெட்டுவது குற்றமாயிற்று. மாடு மேய்ப்பதற்கு வரி வந்தது.

எல்லாவற்றிலும் பெரிய குற்றமாகக் கருதப்பட்டது போடு சாகுபடி. மலைச்சரிவில் ஒரு துண்டுக் காட்டை வெட்டி, உலர்ந்தபின் எரித்து, அச்சாம்பலில் கேழ்வரகும் சாமையும் துவரையும் விதைத்து, இரண்டு மூன்று போகம் எடுத்தபின் அவ்விடத்தைக் காட்டுக்கே விட்டுவிட்டு வேறு சரிவுக்குப் போவது அம்முறை. நம் குறிஞ்சி நிலத்துத் தினைப்புனமும் இதற்கு இனமானதே. விட்ட நிலம் பல வருஷம் சும்மா கிடக்குமானால் மரம் மறுபடி முளைத்து மூடிக்கொள்ளும். கிடக்கும் காலம் குறைந்தால் மண் கரைந்து மலை மொட்டையாகும். ஆகவே போடு சாகுபடி தீமையா நன்மையா என்பது, மலையில் ஜனங்களுக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. முக்கால் பங்கு காட்டை ரிசர்வாக்கி வேலியிட்டுவிட்டு, மீதியில் நெருக்குண்டவன் விட்ட நிலத்தையே திரும்பத் திரும்ப எரிக்கும்போது, பார்த்தீர்களா, காட்டை அழிக்கிறான் என்று குற்றம் சாட்டுவது எந்த நீதி? ரிசர்வுக்குள் கண்ட்ராக்டரின் கோடாலிக்கு லைசென்ஸ் கிடைத்தது என்பதையும் மறக்கலாகாது.

வெளியார் இன்றிக் காடு நிலைக்குமா என்று ஐயுறுவோர் ரம்பா வரை போக வேண்டாம். நமது ஊருக்கு வடக்கே கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிற்காட்டைப் போய்ப் பார்க்கட்டும். கோரமண்டலக் கரையின் பழைய பசுங்காடு எங்கும் அழிந்து போனபின், ஐயனாருக்கு அஞ்சிய கிராமத்தார் கையில் ஒரு துண்டு பிழைத்திருக்கிறது. ஆரோவில்லில் 1968-க்குப் பிறகு காடு வளர்க்கப் புறப்பட்டவர்கள், இந்நாட்டு மரங்களின் விதைகளுக்காக இத்தகைய கோயிற்காடுகளைத்தான் நாடினார்கள். அவர்கள் செய்த நல்ல வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. விதை யாரிடமிருந்தது என்பதையே சொல்லுகிறோம்.

இனி ரம்பாவுக்குச் செல்வோம். அந்நாட்டில் கோயர்களும் கொண்டரெட்டிகளும் வேறு பல மலைக்குடிகளும் வாழ்கின்றனர். சில கிராமங்கள் சேர்ந்தது ஒரு முட்டா. அதற்குத் தலைவர் முட்டாதார். 1879-ம் வருஷம் ரம்பாவின் மன்சப்தார் பனங்கள்ளுக்கும் வரி போட்டார். மலையாளிக்குக் கள் ஆகாரம்போன்றது. ஜனங்கள் பொங்கியெழுந்தனர், கலகம் மறு வருஷமும் நீடித்தது. கடைசியில் மன்சப்தாரின் அதிகாரம் பறிக்கப்பட்டு, முட்டாதார்கள் நேரே சர்க்காருக்குக் கட்டுப்பட்டவர்களானார்கள். ஜனங்கள் ஜெயித்ததுபோல் தோன்றிற்று. மூன்று வருஷத்துக்குள் வனச் சட்டம் வந்தது! ஒரு சிற்றரசன் போன இடத்தில் காட்டிலாகா கார்டு வந்து உட்கார்ந்தான். கோழிக்கும் அரிசிக்கும் மாமூலுக்கும் அவன் வாய் அடங்கவில்லை.

சீதாராம ராஜு இம்மலைகளில் பிறந்தவரல்லர். 1897-ம் வருஷம் ஜூலை மாதம் 4-ந் தேதி விசாகப்பட்டினம் ஜில்லா பாண்ட்ரங்கி கிராமத்தில், தாயாரின் பிறந்தகத்தில் பிறந்தார். குடும்பத்தின் சொந்த ஊர் பீமவரத்துக்கடுத்த மொகல்லு, க்ஷத்திரிய குலம். தகப்பனார் வெங்கடராம ராஜு போட்டோப் பிடிக்கும் தொழிலில் தேர்ந்தவர். மகன் சிறு பையனாயிருக்கும்போதே காலமானார். அதன்பின் சிற்றப்பாவின் ஆதரவில் ஊர் ஊராய்ப் பள்ளிக்கூடம் மாறிப் படித்தும் பரீக்ஷைகளில் ராஜுவுக்குச் சிரத்தையில்லை. குதிரையேற்றத்திலும், ஜோசியத்திலும், மூலிகைகளிலும், தியானத்திலுமே மனம் சென்றது. வாலிபப் பருவத்தில் வடதேச யாத்திரை செய்து திரும்பியவர், 1917-ம் வருஷத்தை ஒட்டிக் கூடம் மலையடிவாரத்திலுள்ள கிருஷ்ணதேவிப்பேட்டையில் சந்நியாசியாக வந்து தங்கினார்.

அங்கே அவர் முதலில் செய்தவை மிகச் சாதாரணமான காரியங்கள். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார். நாள் பார்த்துச் சொன்னார். கள்ளை விடும்படி கேட்டார். ஒத்துழையாமை இயக்கம் நாட்டில் பரவியபோது, கச்சேரிக்குப் போய் வக்கீலுக்கும் குமாஸ்தாவுக்கும் அழுவதை விட்டு, ஊர்ப் பஞ்சாயத்தில் வழக்குகளைத் தீர்த்துக்கொள்ளும்படி மலைஜனங்களைப் பழக்கினார். கதர் உடுத்தார். கள் வரிக்காக ஒருமுறை ஆயுதமெடுத்த ஜனங்கள் இந்த இளைஞர் சொல்லுக்காகக் கள்ளை விட்டார்கள் என்றால், அவர்மீது அவர்கள் வைத்த விசுவாசம் எத்தகையது என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். சர்க்காரும் ஊகித்துக்கொண்டது. பஞ்சாயத்து என்ற சொல்லே அதற்குப் பயங்கரமாயிருந்தது. போலீஸார் அவரைக் கண்காணித்தார்கள், விசாரித்தார்கள், பிறகு நிலம் கொடுத்து உழுது பிழைக்கும்படி சமாதானப்படுத்தப் பார்த்தார்கள். அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை.

அக்காலத்தில் கூடம் தாலூகாவில் பாஸ்டியன் என்ற அதிகாரி இருந்தார். நர்சீபட்டணத்திலிருந்து சிந்தப்பள்ளிக்குக் காட்டுக்குள் பாதை போடும் வேலை அவர் மேற்பார்வையில் நடந்தது. மலைஜனங்களை வலுவில் பிடித்துவந்து, கூலியை அரைகுறையாய்க் கொடுத்து, எதிர்த்துக் கேட்டவனைச் சவுக்கால் அடித்து வேலை வாங்கினார்கள். அந்தப் பாதை மலைஜனங்களுக்குப் பயன்பட்டிருக்குமானால் ஒருவேளை பொறுத்திருப்பார்கள். மரத்தைக் கீழே இறக்கவும் போலீஸை மேலே ஏற்றவுமே அது பயன்படும் என்பது அவர்களுக்கு நன்றாய்த் தெரியும். அவ்வதிகாரியின்மேல் மனம் கொதித்திருந்தவர்களில் காம் கண்டம் தொரை, காம் மல்லு தொரை என்ற சகோதரர் இருவர் முக்கியமானவர்கள். ராஜுவை யுத்த தளபதியாக்கியது மலைஜனங்களின் கஷ்டமே என்றால், அக்கஷ்டத்துக்குக் கையும் காலுமாய் நின்றவர்கள் இச்சகோதரர்கள்.

அவ்வருஷத்தில் ராஜு ஒருவரே காட்டுச் சட்டத்தோடு மோதினவர் என்று எண்ணலாகாது. குண்டூர் ஜில்லா பலநாட்டில் குடியானவர்கள் மேய்ச்சல் வரி கொடுக்க மறுத்துச் சத்தியாக்கிரஹம் செய்தார்கள். அவர்களுடைய தலைவர் கன்னகண்டி ஹனுமந்து 1922-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் போலீஸ் குண்டுக்கு இரையானார். அதே மாதத்தில் சௌரிசௌராவுக்குப் பின் மகாத்மா ஒத்துழையாமையை நிறுத்தினார். நாடெங்கும் தொண்டர்கள் வீடு திரும்பினார்கள். மலைமேல் இருந்தவர்களுக்குத் திரும்பிப் போக வேறு வீடு எது?

1922-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 22-ந் தேதி சிந்தப்பள்ளிப் போலீஸ் ஸ்டேஷன் தாக்கப்பட்டது. மறுநாள் கிருஷ்ணதேவிப்பேட்டை. அதற்கு மறுநாள் ராஜவொம்மங்கி. மூன்று நாட்களில் மூன்று ஸ்டேஷன்களிலிருந்தும் 26 துப்பாக்கிகளும் 2,500-க்கு மேற்பட்ட தோட்டாக்களும் மலைஜனங்கள் கைக்கு வந்தன. எடுத்த சாமான்களுக்கு ஜாபிதா எழுதி, ஸ்டேஷன் டைரியிலேயே கையொப்பமிட்டுச் சென்றார் ராஜு. களவாகாது, யுத்தம் என்று சர்க்காருக்கு அறிவித்த முறை அது. அதுவரை வில்லும் அம்பும் ஈட்டியுமே அறிந்திருந்தவர்கள் துப்பாக்கி ஏந்தினார்கள்.

செப்டம்பர் 24-ந் தேதி தாமனப்பள்ளிக் கணவாயில் ஸ்காட் கவர்டு, ஹைட்டர் என்ற இரண்டு வெள்ளைப் போலீஸ் அதிகாரிகள் சுடப்பட்டு வீழ்ந்தனர். முன்னே சென்ற இந்தியக் கான்ஸ்டேபிள்களை மறைவிலிருந்தவர்கள் தடையின்றிப் போக விட்டார்கள் என்பது எதிரிகளே ஒப்புக்கொண்ட விஷயம். இந்தியர் இரத்தம் சிந்தலாகாது என்பது ராஜுவின் கட்டளை. இதனை நாம் புகழ்கிறோம். ஆனால் கொலையைப் புகழ நமக்கு மனமில்லை. கவர்டும் ஹைட்டரும் வனச் சட்டத்தைச் செய்தவர்களல்லர்.

சர்க்கார் மலபார் ஸ்பெஷல் போலீஸை வரவழைத்தது. 1922-ம் வருஷம் டிசம்பரில் நேர்ந்த மோதல்களில் ராஜுவின் ஆட்கள் பலர் மாண்டனர். அத்துடன் ஓய்ந்தது என்று எண்ணினார்கள். 1923-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அவர் அன்னவரத்தில் பகிரங்கமாய்த் தோன்றினார். ஊரார் வழிபட்டு வரவேற்றனர். மலையில் ஒவ்வொரு கிராமமும் அவருக்கு ஒற்றன், ஒவ்வொரு குடிசையும் களஞ்சியம். மலைப்பாதைகளைப் படமெழுதி வைத்திருந்த சர்க்கார் வழி தெரியாமல் திண்டாடிற்று. எந்த ஊற்று கோடையில் வற்றும், எந்தச் சரிவில் காட்டுக்கிழங்கு கிடைக்கும், எங்கே காட்டெருமை இறங்கும் என்று அறிந்தவர்கள் படமில்லாமலே நடந்தார்கள். காட்டை அறியாதவன் அதைக் காக்கிறேன் என்று சொன்ன பொய் அந்த 2 வருஷங்களில் வெட்ட வெளிச்சமாயிற்று.

1924-ம் வருஷம் ஜனவரியில் அஸ்ஸாம் ரைபிள்ஸ் படை வந்து சேர்ந்தது. ஏப்ரலில் ரதர்போர்டு என்பவர் விசேஷ அதிகாரியாய் நியமனம் பெற்றார். அவர் மலையில் ராஜுவைத் தேடியதைவிடக் கிராமங்களை வாட்டியதே அதிகம். கூட்டு அபராதங்கள், தானியப் பறிமுதல், அடி, சிறை. ஜனங்களைப் பட்டினி போட்டால் அவர்களுடைய ராஜு தானே வருவார் என்று கணக்கிட்டார், அக்கணக்குத் தவறவில்லை. மே மாதம் 7-ந் தேதி ராஜு அகப்பட்டார். கொய்யூரில் விசாரணையின்றி, குட்டால் என்ற மேஜரின் வசத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். தப்பியோட முயன்றதால் சுட்டதாகச் சர்க்கார் அறிக்கை கூறிற்று. கட்டுண்டவர் எப்படி ஓடினார் என்று அவ்வறிக்கை விளக்கவில்லை. அவர் சமாதி கிருஷ்ணதேவிப்பேட்டையில் இருக்கிறது. வயது 27 நிரம்பவில்லை. ஒரு மாதங்கழித்துக் கண்டம் தொரையும் சுடப்பட்டு இறந்தார்.

இச்சமயத்தில் நம் தேசபக்தர்களின் நடத்தையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சமவெளியிலிருந்த ஆந்திரக் காங்கிரஸ் பிரமுகர்களும் பத்திரிகைகளும் ராஜு உயிரோடிருந்த காலத்தில் பெரும்பாலும் விலகியே நின்றனர். சிலர் கலகத்தைச் சீக்கிரம் அடக்கும்படி சர்க்காரைக் கேட்கவும் செய்தனர். இறந்தபின் அவர் வீரராகப் போற்றப்பட்டார். மகாத்மா 1929-ம் வருஷம் ஆந்திர நாட்டுக்கு வந்தபோது அவர் சரித்திரத்தைக் கேட்டறிந்து, வழியை ஒப்புக்கொள்ளாமலே அவருடைய தீரத்தையும் தியாகத்தையும் மனமாரப் பாராட்டி எழுதினார். அஹிம்ஸையைப்பற்றிய அபிப்பிராய பேதம் மட்டும் அவ்விலகலுக்குக் காரணமென்று நமக்குத் தோன்றவில்லை. மலையில் வாழ்பவன் ஸ்வராஜ்யம் என்றால் என்ன என்று கேட்டால் தன் காடு என்று பதில் சொன்னான். பட்டணத்தில் அப்பதிலுக்கு அர்த்தம் தெரிந்தவர் குறைவு.

ராஜுவும் வெளியாரே. இந்த ஒரு விஷயத்தை அவரைத் துதிப்பவர்கள் யோசிப்பதில்லை. சமவெளியில் பிறந்து, உயர்குலத்தில் வளர்ந்து, மந்திரம் ஜபித்து வந்தவர் அவர். மலைஜனங்களைத் திருத்த வேண்டுமென்ற எண்ணமும் அவருக்கு இருந்தது. கள் விஷயமே சாக்ஷி. ஆனால் அவர் சட்டப் புஸ்தகத்தோடு வரவில்லை, ஏலச் சீட்டோடும் வரவில்லை. மருந்துப் பையோடு வந்து, பஞ்சாயத்தில் அவர்களோடு தரையில் உட்கார்ந்து, அவர்கள் சோற்றைத் தின்று, அவர்களுக்காகவே இறந்தார். வெளியிலிருந்து காட்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே ஜாதியாகமாட்டார்கள்.

அவர் காலமாகி நூறு வருஷம் 2024-ல் நிறைந்தது. 2022-ல் ஆந்திரத்தில் ஒரு ஜில்லாவுக்கே அவர் பெயரிட்டார்கள். பீமவரத்தில் 30 அடி வெண்கலச் சிலை எழுந்தது. காட்டின் கதையோ அவ்வளவு நேராகச் செல்லவில்லை. மலைநிலத்தை வெளியார் வாங்கலாகாது என்ற தடை 1917-லேயே சட்டமாகி, சுதந்திரத்துக்குப் பின் பலப்பட்டது. அத்தடை சர்க்காருக்கும் பொருந்தும், மலைநிலத்தைத் தனியார் சுரங்கக் கம்பெனிக்குக் குத்தகை விடலாகாது என்று 1997-ல் சமதா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்புச் சொன்னார்கள். 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம் காட்டுவாசிகளுக்குச் சரித்திரத்தில் இழைத்த அநியாயத்தை ஒப்புக்கொண்டு, கிராம சபைக்குத் தன் காட்டைக் காக்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. ராஜுவின் மலைகள் அடங்கிய அதே கிழக்குத் தொடர்ச்சியில், ஒரிஸ்ஸாவின் நியாம்கிரியில், 2013-ம் வருஷம் 12 கிராம சபைகளும் ஒருமுகமாகச் சுரங்கத்தை நிராகரித்தன. அம்மலை இன்றும் பச்சையாகவே இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சியின் மழைக்காட்டில், வாழச்சாலைச் சேர்ந்த காடர்களின் 9 குடியிருப்புகள் 2014-ல் தங்கள் காட்டின்மேல் சமூக உரிமைப் பத்திரம் பெற்றன. அதிரப்பள்ளி அணைத் திட்டத்தை விடாமல் எதிர்த்தவர்களும் அவர்களே.

ஆனால் சட்டம் பிறந்த அக்காலத்திலேயே, 2008-ல், பாபிகொண்டல மலைகள் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. எல்லை வகுத்தவர்கள் மறுபடியும் வெளியாரே. புலிக்கும் காட்டெருமைக்கும் காவல் வேண்டும் என்பதை நாமும் சொல்வோம். கோயனும் கொண்டரெட்டியும் அவற்றோடு எத்தனை தலைமுறை வாழ்ந்தார்கள் என்று கேட்காமல் காவல் போடுவதுதான் நமக்கு விளங்கவில்லை. அதே மலையடியில் போலவரம் அணையின் நீர்த்தேக்கத்துக்காக ஆயிரக்கணக்கான மலைக் குடும்பங்கள் வீடு விட்டுப் பெயர்கின்றன. விறகு வெட்டினால் காடு அழியும் என்று சொன்ன ராஜாங்கம், காட்டையே தண்ணீரில் ஆழ்த்தும்போது அதற்குப் பெயர் அபிவிருத்தி. 1882-ம் வருஷத்து வனச் சட்டமோ, தமிழ்நாடு வனச் சட்டம் என்ற பெயரோடு நம் அண்டையில் இன்றும் அமலில் இருக்கிறது.

மல்லு தொரை சிறையில் நெடுங்காலம் கிடந்து வெளிவந்தார். 1952-ம் வருஷத்து முதல் பொதுத் தேர்தலில் விசாகப்பட்டினம் ஜனங்கள் அவரை லோக்சபைக்கு அனுப்பினார்கள். துப்பாக்கியோடு சிந்தப்பள்ளி ஸ்டேஷனுக்குள் நுழைந்தவர், 30 வருஷத்துக்குப் பின் டில்லியில் சட்டம் செய்யும் மண்டபத்துக்குள் சென்று உட்கார்ந்தார்.